கிரீன் காடஸ் என்று வாங்கிய கிழங்குகள் அழுகிப்போனது பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், உதகமண்டலம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 04.08.2025

பொருள்: வேறு இனக் காலா லில்லிக் கிழங்கு அனுப்பியது, தவறாக நடச் சொன்னது

ஐயா / அம்மையீர்,

கடந்த பிப்ரவரியில் உங்கள் இணையக் கடையில் 'கிரீன் காடஸ்' காலா லில்லிக் கிழங்கு 12 வாங்கினேன். அனுப்பும் செலவோடு 2,340 ரூபாய். "உறைபனி தாங்கும், ஈர நிலத்துக்கு ஏற்றது" என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

எங்கள் வீடு ஊட்டியில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் ஊற்றுநீர் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதன் கரை வருடம் முழுக்கச் சொதசொதவென்றுதான் இருக்கும். அந்தக் கரையில் என் அம்மா 20 வருடமாக வளர்த்த கிரீன் காடஸ் புதர் இருந்தது. பூவிதழ் போல விரியும் பாளையின் உட்பக்கம் வெள்ளை, விளிம்பை நோக்கிப் போகப்போகப் பச்சை. பனியில் இலை கருகினாலும் கிழங்கு சாகாது. மார்ச்சில் மறுபடி துளிர்த்துவிடும். போன வருடம் தடுப்புச் சுவர் கட்டியபோது புதர் மொத்தமும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது. வெள்ளைக் காலா இங்கே ஓடைக்கரைகளில் தானாகவே மண்டிக் கிடக்கிறது. அம்மாவின் இந்தப் பச்சைதான் எங்கும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு அவருக்கு அவர் வளர்த்த பூவையே வைக்க ஆசைப்பட்டேன்.

பெட்டியைப் பிரித்ததுமே சந்தேகம் வந்தது. கிரீன் காடஸ், ஈதியோப்பிக்கா இனத்தைச் சேர்ந்தது. அதன் கிழங்கு இஞ்சி போல நீண்டு தடித்திருக்கும். வந்தவையோ சின்னச் சேனைக்கிழங்கு போல வட்டமாக, தட்டையாக இருந்தன. வண்ணப் பூ பூக்கும் கலப்பினக் காலாவுக்குத்தான் அப்படி இருக்கும். பெயர் ஒன்றானாலும் இரண்டின் சுபாவமும் நேர் எதிர். ஈதியோப்பிக்கா சதுப்பிலும், ஆழமில்லாத தண்ணீரிலும்கூட நிற்கும். கலப்பினத்துக்கோ தண்ணீர் வடியும் மண் வேண்டும், குளிர்காலத்தில் ஈரமில்லாத ஓய்வு வேண்டும். ஈரம் தேங்கினால் பாக்டீரியா அழுகல் பிடித்துக்கொள்ளும்.

அன்றே படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். "காலா எல்லாம் ஒன்றுதான், ஈரமான இடத்தில் நடுங்கள்" என்று மின்னஞ்சலில் பதில் எழுதினீர்கள். அதை நம்பி மார்ச் நடுவில் எட்டுக் கிழங்கை வாய்க்கால் கரையில் நட்டேன். மனசு கேட்காமல் நாலை மட்டும் மணல் கலந்த மண்ணில், தொட்டியில் வைத்தேன்.

ஜூன் மழை பிடித்து இரண்டு வாரத்தில் கரையில் இருந்தவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். காம்பு மட்டும் கையோடு வந்தது. கிழங்கு இருந்த இடத்தில் பழுப்புக் கூழும், அழுகிய உருளைக்கிழங்கு நாற்றமும்தான் மிச்சம். எட்டுக்கும் அதே கதி. தொட்டியில் இருந்த நாலும் பூத்தன. இளஞ்சிவப்புப் பூ, இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. அம்மாவின் செடியில் நான் ஒரு புள்ளி பார்த்ததில்லை.

இதுவும் அழகான பூதான், செடியின் மேல் குற்றமில்லை. ஆனால் அது அழுகிச் சாகும் இடத்தில் அதை நடச் சொன்னது நீங்கள். நான் படத்தோடு கேட்ட பிறகும் சொன்னீர்கள். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

2,340 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். மாற்றுக் கிழங்கு அனுப்புவதென்றால் ஈதியோப்பிக்கா இனம்தான் என்று எழுத்தில் உறுதி தந்த பிறகே அனுப்புங்கள். இப்போது நட்டாலும் இந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் பூ வராது. அது போனது போனதுதான். விற்பனைப் பக்கத்திலும் பொட்டலத்திலும் இனப் பெயரைப் போடுங்கள். அதே வாசகத்தோடு அந்தக் கிழங்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் அதை நம்பி வாங்கி ஓடைக்கரையில் நடுவார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, கிழங்கு, இலை, பூவின் படங்கள், உங்கள் மின்னஞ்சலின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்