டேட்டா இன்சைட்ஸுக்காக மட்டும் எழுது

கோபி,
வெள்ளி, பொழுதோட

மாப்ள,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாயிக்கு முழங்கால் வலி தேவலை. தை மாசம் பாப்பாவுக்குக் காது குத்து. ஷிப்மென்ட்னு சாக்குச் சொன்னீன்னா அம்மா உன்னை விடமாட்டாங்க.

நீ அனுப்புன ஜிமேட் ரிப்போர்ட்டை, அதான் எம்.பி.ஏ. சேர எழுதுன பரீட்சையோட மார்க்கை, நிதானமாப் பார்த்தேன். மொத்தம் 615-ங்கறதை மட்டும் பார்த்துட்டு எதுக்கு இத்தனை வெசனம்? கணக்குப் பிரிவு குவான்ட் 84, ஆங்கிலப் பிரிவு வெர்பல் 82, தகவலை அலசற டேட்டா இன்சைட்ஸ் 75. மூணுக்கும் ஒரே மதிப்பு. அந்த 75 மட்டும் 80 ஆனாப் போதும், மொத்தம் 645 வரும். பழைய முறையில 700-க்குச் சமம். அதனால திரும்ப எழுது, ஆனா அந்த ஒரு பிரிவுக்காக எழுது. குவான்ட்டை மறுபடியும் அ, ஆ-லிருந்து ஆரம்பிச்சீன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

டேட்டா இன்சைட்ஸோட நேரக் கணக்கைப் பாரு. 45 நிமிசத்துல 20 கேள்வி, ஒண்ணுக்கு ரெண்டே கால் நிமிசம். நீ முதல்ல வந்த மல்ட்டி சோர்ஸ் (பல டேப்ல தகவல் தர்ற) கேள்விகள்லயே பதினோரு நிமிசத்தை விட்டுட்டு, கடைசில வந்ததையெல்லாம் குருட்டாம்போக்குல அமுக்கிருக்கறே. அங்க ஒவ்வொரு டேப்லயும் என்ன இருக்குதுன்னு மட்டும் மேலோட்டமாப் பார்த்துக்க. கேள்வியைப் படிச்ச பிறகு தேவையான டேப்புக்குப் போ. டேபிள் அனாலிசிஸ்ல, அதான் அட்டவணைக் கேள்வில, மூணு வரியும் சரியா இருந்தாத்தான் மார்க்கு, பாதி மார்க்கெல்லாம் கிடையாது. அங்க முட்டிக்கிட்டு நிக்காதே.

டேட்டா சஃபிஷியன்சிதான் உனக்குப் பெரிய ஓட்டை. காஸ்டிங் ஷீட் போட்டுப் பழகுன கை, விடை வந்தாத்தான் நிக்குது. அங்க விடையே வேண்டாம், குடுத்த தகவல் பத்துமா பத்தாதான்னு சொன்னாப் போதும். கால்குலேட்டர் பக்கமே போகாதே. ஒவ்வொரு பிரிவு முடிவுலயும் மூணு விடை வரைக்கும் மாத்தலாம், ஆனா நேரம் மிச்சம் இருந்தாத்தான். கேள்வியை விடாம முடி. விடை போடாம விட்டதுக்குத் தப்பு விடையைவிட எச்சா அடி விழும்.

மில்லுக்காரன் குடுத்த புத்தகத்தைத் தூக்கி ஓரமா வை. சென்டன்ஸ் கரெக்ஷன், ஜியாமெட்ரி ரெண்டையும் 2023-ல வந்த புது முறையிலயே எடுத்துட்டாங்க.

16 நாள் கழிச்சு எழுதலாம்ங்கறது விதி. நீ ஆறு வாரம் எடுத்துக்க. வெடியால ஒரு மணி நேரம், நோட்டுல கேள்வி வகை, ஆன நேரம், தப்பான காரணம். பரீட்சையில பிரிவு வரிசையை நாமளே தேர்ந்துக்கலாம், டேட்டா இன்சைட்ஸை முதல்ல வை. அப்பறம் அதிகாரப்பூர்வமான இலவச மாக் டெஸ்ட் ரெண்டையும் ஒரே மூச்சுல எழுது. ரெண்டுலயும் 635 தாண்டுனாத் தேதி போடு. டேட்டா இன்சைட்ஸ் 77-லயே நின்னுச்சுன்னா விட்டுரு, அந்த நேரத்தைக் காலேஜ் அப்ளிகேஷன் கட்டுரைக்குக் குடு.

மாமா பயப்படற மாதிரி திரும்ப எழுதி மார்க்கு கொறைஞ்சு போச்சுன்னா? ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் எந்தக் காலேஜுக்கு அனுப்பறதுன்னு நீ முடிவு பண்றே. 615 அஞ்சு வருசம் உன்கிட்டயே இருக்கும். இதை அவருக்குப் பொறுமையாச் சொல்லு மாப்ள. பரீட்சைக் காசு அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்தது, அவர் கேக்கறதுல ஞாயம் இருக்குது.

ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த நோட்டோட முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
மச்சான்