டேப்லெட்: பெட்டியில் அச்சிடாத விவரங்கள்

ஆசிரியருக்கு,

டேப்லெட் வாங்குவோருக்காகச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் பிராசசர் வேகம், ரேம், கேமராவின் மெகாபிக்சல் எல்லாம் அட்டவணையாக வந்திருந்தன. பெட்டி மேல் அச்சிட்டிருப்பதும் அவைதான். பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் வாங்கிய பத்தாம் நாளில் எரிச்சலைக் கிளப்பும் சங்கதி ஒன்றுகூடப் பெட்டி மேல் இருக்காது. அவற்றில் பலவற்றைக் கடை மேசையிலேயே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

திரையின் அளவையே எடுத்துக்கொள்வோம். 7 அங்குலம் என்றால் 10 அங்குலத்தில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவு என்று மனம் கணக்குப் போடுகிறது. அங்குலம் சொல்வது மூலைவிட்டத்தை. நாம் படிப்பதோ பரப்பை. ஆப்பிளின் முதல் ஐபேடின் 9.7 அங்குலத் திரை சுமார் 45 சதுர அங்குலம். 2010இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேபின் 7 அங்குலத் திரை 21 சொச்சம்தான், பாதிகூட இல்லை. அதற்கு ஈடாக எடை குறைவு: முதல் ஐபேட் 680 கிராம், அந்த கேலக்ஸி டேப் 380 கிராம். ஒரு கையில் பிடித்துக் கதை படிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் சிறியதே வசதி. ஏ4 தாளுக்கென்று வடிவமைத்த பிடிஎஃப் பாடங்களைப் படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சிறியது வேண்டாம். ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டிவரும்.

திரைப்புள்ளிக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். 800க்கு 480 புள்ளி கொண்ட பழைய மலிவு 7 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 133 புள்ளி. முதல் இரண்டு ஐபேடுகளிலும் 132. பிறகு ஏன் மலிவுத் திரை மட்டும் கண்ணை உறுத்துகிறது? காரணம் பேனல், அதாவது படத்தைக் காட்டும் உட்தகடு. அந்த ஐபேடுகளில் இருந்தது ஐபிஎஸ் என்ற வகைப் பேனல். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. அக்கால மலிவு டேப்லெட்டுகளில் பெரும்பாலும் டிஎன் வகைப் பேனல். கிடைமட்டமாகப் பிடித்து நேராகப் பார்த்தால் அது நன்றாகவே தெரியும். கடையில் காட்டுவதும் அப்படித்தான். நிமிர்த்திப் பிடித்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துப் போகும். ஒரு வெள்ளைப் பக்கத்தையும் ஓர் இருண்ட புகைப்படத்தையும் திறந்து, நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது தொடுதிரை. நகத்தின் நுனியால் தொட்டால் வேலை செய்கிறதா? அப்படியென்றால் அது ரெசிஸ்டிவ் வகை: இரண்டு மெல்லிய படலங்கள் அழுத்தத்தில் ஒட்டும்போதுதான் தொடுதல் பதிவாகும். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது அதில் பொதுவாக நடக்காது; நாள்பட்டால் தொட்ட இடம் ஒன்று, பதிவாகும் இடம் வேறு என்று விலகும். கெபாசிடிவ் வகை நகத்துக்கு மசியாது, விரலின் தோல் பட வேண்டும். வாங்கத் தக்கது அதுதான். அதிலும் குறை உண்டா என்று பார்க்க எளிய வழி: முகப்பில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுவதும் மெதுவாக உழுவதுபோல் இழுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் ஐகான் கை நழுவி விழுகிறதோ அங்கே திரை செத்திருக்கிறது. இதே சோதனையை சார்ஜரைச் செருகிய நிலையில் இன்னொரு முறை செய்யுங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். தொடாமலேயே ஆப்கள் திறக்கும். வீட்டுக்குப் போனதும் ‘திரை கெட்டுவிட்டது’ என்று திரும்பி வரும் டேப்லெட்டுகளில் சில, சார்ஜரை மாற்றியதும் சரியாகிவிடுபவை.

சார்ஜரைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. அதிகச் சிக்கல் அங்கேதான். கணினியின் சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். முதல் ஐபேடுடன் வந்த சார்ஜர் 10 வாட். அதன் பேட்டரி 25 வாட்-மணி (25 வாட் வீதம் ஒரு மணி நேரம் தரும் அளவு) கொள்ளளவு. கணினியில் செருகினால், திரையை அணைத்து வைத்தாலும் 10 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திரை எரியும்போது ‘சார்ஜ் ஆகவில்லை’ என்றே காட்டும், அது பழுதல்ல. 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் ஐபேடில் பேட்டரி 42.5 வாட்-மணியாகப் பெருத்தது, சார்ஜர் அதே 10 வாட். இரவில் செருகிவிட்டுத் தூங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

2 ஆம்பியர் என்று எழுதிய வேறு சார்ஜர் வாங்கினாலும் சில சமயம் ஊர்ந்துதான் ஏறும். யுஎஸ்பி 2.0 கம்பியில் நான்கு இழைகள். நடுவிலுள்ள இரண்டு தகவலுக்கானவை. செருகியிருப்பது சார்ஜரா கணினியா என்று டேப்லெட் அந்த இரண்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஆப்பிள் அவற்றில் குறிப்பிட்ட வோல்ட் அளவை எதிர்பார்க்கிறது; பல ஆண்ட்ராய்டு கருவிகள் இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. அடையாளம் பொருந்தாவிட்டால் ‘இது கணினி’ என்று எண்ணி 500 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

யுஎஸ்பிக்குப் பதில் உருண்டைச் செருகுமுனை கொண்ட பழைய மலிவு டேப்லெட்டுகளில் ஆபத்தே உண்டு. ஒன்று 5 வோல்ட், இன்னொன்று 9, வேறொன்று 12. செருகுமுனை மட்டும் ஒரே அளவு. மாற்றிச் செருகினால் உள்ளே சர்க்யூட் கருகிவிடும். டேப்லெட்டின் முதுகில் எழுதிய வோல்ட்டும் சார்ஜரில் எழுதிய வோல்ட்டும் ஒன்றா என்று பார்த்து, சார்ஜரின் மேல் டேப்லெட்டின் பெயரை எழுதி ஒட்டிவையுங்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று விற்பவரிடம் கேட்பதைவிட நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் மில்லி ஆம்பியர்-மணி எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி. 3,000 என்றால் 11 வாட்-மணி. முதல் ஐபேட் 25 வாட்-மணியில் 10 மணி நேரம் ஓடியது. அதே சிக்கனம் மலிவு டேப்லெட்டுக்கும் இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நாலரை மணியைத் தாண்டாது.

சேமிப்பிடத்தில், 8 ஜிபி என்ற எழுத்துக்கும் கைக்கு வரும் இடத்துக்கும் தூரம் அதிகம். அமேசானின் முதல் கிண்டில் ஃபயர் டேப்லெட்டின் 8 ஜிபியில் நமக்கு மிஞ்சியது சுமார் 6. அதில் மெமரி கார்டு துளையும் இருக்கவில்லை. 2012 அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டின் 32 ஜிபியில் கிட்டத்தட்டப் பாதியை விண்டோஸும் ஆஃபிஸுமே எடுத்துக்கொண்டன. (பெயரில் விண்டோஸ் இருந்தாலும் பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது, இதையும் கடையில் சொல்லவில்லை.) பழைய மலிவு ஆண்ட்ராய்டுகளில் இன்னொரு விசித்திரம். ஆப்களுக்கென்று தனியாக ஒரு சிறு பகுதியைப் பிரித்து வைத்திருப்பார்கள். அது நிரம்பியதும், மீதி இடம் ஜிபி கணக்கில் காலியாகக் கிடந்தாலும் ‘இடமில்லை’ என்று வரும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து இரண்டு எண்ணையும் தனித்தனியே பாருங்கள்.

ஆண்ட்ராய்டு என்று எழுதியிருந்தாலே எல்லா ஆப்பும் கிடைக்கும் என்பதும் இல்லை. 2012 மார்ச்சில் கூகுள் பிளே என்று பெயர் மாறிய சந்தை, கூகுளின் அனுமதி பெற்ற கருவிகளில்தான் முறைப்படி வரும். அந்த ஐகானும் ஜிமெயிலும் இருக்கின்றனவா, ஒரு ஆப் உண்மையில் இறங்குகிறதா என்று கடையின் வைஃபையிலேயே பாருங்கள். டேப்லெட்டுக்கென்று செய்த ஆண்ட்ராய்டு 3.0 பதிப்பின் மூலநிரலை கூகுள் அப்போது வெளியிடாததால், 2011இன் மலிவு டேப்லெட்டுகள் பெரும்பாலும் கைபேசிக்கான 2.2, 2.3 பதிப்புகளோடு வந்தன.  4.0க்குக் கீழே உள்ள பழைய டேப்லெட் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். தமிழ் படிப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்: பழைய பதிப்புகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது ‘கெ’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அப்போது அப்படியொன்றைக் கையில் வைத்திருந்தவர்கள், ஓப்ரா மினி உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஓப்ரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று இடைவெளி இல்லாமல் அடித்து, வரும் பட்டியலின் கடைசியில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்ற கேள்விக்கு ‘யெஸ்’ கொடுத்துச் சேமித்தார்கள். எழுத்துகள் படமாக வந்ததால் தமிழ்த் தளங்களைப் படிக்க முடிந்தது. டேட்டா கொஞ்சம் கூடுதலானது.

இணையத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் ஓடும் என்ற அக்கால விளம்பரத்துக்காகக் காசு கூட்டிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. 2012 ஆகஸ்டிலேயே, அதை உருவாக்கும் அடோபி நிறுவனம் அதை கூகுள் பிளேயிலிருந்து எடுத்துவிட்டது. வரைபடத்துக்காக ஐபேட் வாங்குபவர்கள், வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடும் மாடலில்தான் உண்டு என்பதைக் கவனிக்கவும்.

டேப்லெட் உறைந்து நின்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்துங்கள். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் அதையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் தெரியும்வரை. பழைய மலிவு டேப்லெட்டுகள் பலவற்றில் ஊசித்துளை ஒன்றுக்குள் ரீசெட் பட்டன் இருக்கும். குத்துவதற்கு முன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றும் எழுதாத துளை பெரும்பாலும் மைக்; அதில் ஊசி போனால் அதன் பிறகு வீடியோ அழைப்பில் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்