கேதரின் கானலியைப் பற்றி எழுதும் வெளிநாட்டுச் செய்திப் பிரிவினருக்கு

தமிழ் இதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவினருக்கு வணக்கம்.

கேதரின் கானலியின் பேச்சில் எந்த வரியை எடுத்துப் போட்டாலும், தேதியையும் அன்று அவர் இருந்த பதவியையும் சேர்த்தே போடுங்கள். 2025 நவம்பர் 11 அன்று அவர் அயர்லாந்தின் 10-ஆவது குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அதுவரை கால்வே மேற்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். யாருக்கும் கட்டுப்படாமல் பேசியவர். ஜெர்மனியின் ராணுவச் செலவை 1930-களோடு அவர் ஒப்பிட்டது 2025 செப்டம்பரில், பிரசார நேரத்தில். அதைத் தேதியில்லாமல் இன்று தலைப்பாக்கினால் டப்ளின் அரசே பேசியது போலாகிவிடும். அரசமைப்பின் 13-ஆவது உறுப்புப்படி, அவர் நாட்டு மக்களுக்கு உரை விடுக்க அரசின் ஒப்புதல் வேண்டும். 12-ஆவது உறுப்புப்படி, வெளிநாடு போகக்கூட அரசு இசைய வேண்டும்.

'அதிபர்' வேண்டாம். வாசகர் வெள்ளை மாளிகையை நினைப்பார். இலங்கை வாசகருக்கோ அது பள்ளித் தலைமை ஆசிரியர்! ஆட்சி நடத்துபவர் பிரதமர். அங்கே 'டீஷக்' என்பார்கள்.

'சின் ஃபேன் கட்சி வேட்பாளர்' என்பதும் தவறு. தொழிற்கட்சியில் இருந்து விலகி 2007 முதல் சுயேச்சை. 2011-இல் 17 வாக்கில் தோற்று, 2016-இல் நாடாளுமன்றம் போனார். குடியரசுத் தலைவர் தேர்தலில் சின் ஃபேன், தொழிற்கட்சி, சமூக ஜனநாயகர், பசுமைக் கட்சி எல்லாம் ஆதரித்தன. ஆதரவு வேறு, உறுப்பினர் வேறு.

வாக்கு எண்ணிக்கையில்தான் அதிகம் சறுக்கும். ஒற்றை மாற்று வாக்கு முறை நமக்குப் புதிதல்ல, இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அதுதான். அயர்லாந்தில் மக்களே நேரடியாக 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகிறார்கள். கானலிக்கு 9,14,143 முதல் விருப்ப வாக்குகள், 63.4 விழுக்காடு. பாதியைத் தாண்டியதால் இரண்டாம் சுற்றுக்கே வேலையில்லை. ஆனால் அந்த 63.4, செல்லும் வாக்குகளில் கணக்கிட்டது. செல்லாதவை 2,13,738, அதாவது பதிவானதில் ஏறத்தாழ 13 விழுக்காடு. வேட்புமனுவுக்கு 20 நாடாளுமன்ற உறுப்பினர்களோ 4 உள்ளாட்சி மன்றங்களோ முன்மொழிய வேண்டும். போட்டியிட முயன்ற பழமைவாதி மரியா ஸ்டீனுக்கு 18 உறுப்பினர்கள்தான் கிடைத்தார்கள். ஃபியனா ஃபெயில் கட்சி வேட்பாளர் ஜிம் கேவின் விலகிய பிறகும் அவர் பெயர் வாக்குச்சீட்டில் நின்றது. எனவே சீட்டைக் கெடுத்தவர்களில் கோபத்தோடு வந்தவர்களும் உண்டு. இதை விட்டுவிட்டு 'மக்கள் பேரலை' என்று எழுதுவது அரைச் செய்தி.

இனி வரக்கூடியது 'மும்பூட்டு' விவகாரம். 12 பேருக்கு மேல் படையினரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப ஐ.நா. அனுமதி, அரசின் முடிவு, கீழவை ஒப்புதல் மூன்றும் தேவை. ஐ.நா. பூட்டை எடுக்க அரசு விரும்புகிறது. கானலி எதிர்த்தே பேசிவந்தவர். அந்த மசோதா அவர் மேசைக்கு வந்தால், பிடிக்கவில்லை என்பதற்காகக் கையெழுத்தை மறுக்க முடியாது. அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவான அரசவையைக் கலந்துகொண்டு, 7 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 60 நாளுக்குள் தீர்ப்பு. நீதிமன்றம் பார்ப்பது அரசமைப்புக்கு முரணா என்பதை மட்டுமே, மும்பூட்டோ அரசமைப்பில் இல்லை, சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. அன்று 'வீட்டோ' என்ற சொல்லை மட்டும் தலைப்பில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அயர்லாந்து அரசியலைப் பின்தொடரும் சிலர்