அந்த ஏழு பேர் வேறு, இன்றைக்கு இருப்பவர்கள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு ரஷ்யா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் 1990-களில் அதிபராக இருந்த எல்ட்சின் காலத்துப் பணக்காரர்களையும் இன்றைக்குப் புதினைச் சுற்றி இருப்பவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஒலிகார்க்குகள் ஆட்சி’, அதாவது அரசையே ஆட்டிவைக்கும் பெரும்பணக்காரர்களின் ஆட்சி, என்று முடித்துவிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு சிலர் கையில் அதிகாரம் என்பது இரண்டுக்கும் பொது, சரி. யார் குடுமி யார் கையில் என்று பார்த்தால் கதை தலைகீழ்.

1995 கடைசியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கஜானா காலி. வங்கிகள் அரசுக்குக் கடன் கொடுக்கும், அரசு நிறுவனங்களின் பங்குகளை அடமானமாக வாங்கி வைத்துக்கொள்ளும், கடன் திரும்பாவிட்டால் பங்குகளை விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. திரும்பவில்லை, வேறென்ன. நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனத்தின் 38 சதவீதத்துக்கு ஆரம்ப விலை 17 கோடி டாலர். பொட்டானின் என்ற வங்கிக்காரரின் ஓனெக்சிம் வங்கி கேட்டது 17 கோடியே 1 லட்சம். இன்னொரு வங்கி 35.5 கோடிக்குக் கேட்டது, அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஏலத்தை நடத்தியது யார் தெரியுமா? அதே ஓனெக்சிம் வங்கி! வேலியே பயிரை மேய்ந்தது. சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலான பங்கு சுமார் 10 கோடி டாலருக்குப் போனது. 2005-இல் அதன் ஏறத்தாழ முக்கால் பங்கை அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வாங்கியபோது, அதன் உரிமையாளர் அப்ரமோவிச் தரப்புக்குக் கொடுத்தது சுமார் 1,300 கோடி டாலர்.

1996 தேர்தலில் கம்யூனிஸ்ட் ஜுகானோவ் வந்துவிடுவார் என்ற பயத்தில் பணமும் டிவியும் எல்ட்சினுக்காக இறங்கின, ஜெயித்தார். அப்புறம் பதவிகள்: பொட்டானின் முதல் துணைப் பிரதமர், இன்னொரு பெரும்பணக்காரர் பெரெசோவ்ஸ்கி பாதுகாப்புக் கவுன்சில் துணைச் செயலாளர். நாட்டுப் பொருளாதாரத்தில் பாதி ஏழு பேர் கையில் என்று பெரெசோவ்ஸ்கியே ஒரு லண்டன் பத்திரிகையிடம் சொன்னார். ரஷ்யர்கள் அதற்கு ‘செமிபான்கிர்ஷினா’ என்று பெயர் வைத்தார்கள், ஏழு வங்கிக்காரர் ஆட்சி. 1610-இல் ஜாரை இறக்கிவிட்டு ஏழு பிரபுக்கள் ஆண்டு, மாஸ்கோவுக்குள் போலந்துப் படையை விட்ட கதையை அங்கே எல்லாரும் படித்திருக்கிறார்கள், அதனால் கிண்டல் நன்றாகவே உறைத்தது.

அது ஒலிகார்க் ஆட்சி, தாராளமாகச் சொல்லலாம். 2000-இல் புதின் அதிபரான பிறகு? ஊடக முதலாளி குசின்ஸ்கி கைதானார், அவருடைய என்டிவி தொலைக்காட்சி கைமாறியது. பெரெசோவ்ஸ்கி நாட்டை விட்டே போனார். யூகோஸ் எண்ணெய் நிறுவன முதலாளி கோதர்கோவ்ஸ்கியை 2003 அக்டோபரில் நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் பிடித்தார்கள், பத்து வருஷம் உள்ளே. அவருடைய யூகோஸின் முக்கிய எண்ணெய் வயல்கள், புதினின் நெருங்கிய சகா செச்சின் தலைமையிலிருந்த அரசு நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

2009 ஜூனில் பிகல்யோவோ என்ற சிற்றூரில் சம்பளம் வராத தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். புதின் நேரில் போய், கேமரா முன்னால் ஆலை முதலாளி தெரிபாஸ்காவைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தின் மேல் பேனாவை வீசிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு காலத்தில் ரஷ்யாவின் முதல் பணக்காரர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் போட்டார். திரும்பிப் போனவரை நிறுத்தி ‘பேனாவைக் கொடு’ என்றார் புதின். தெரிபாஸ்காவை ஆளும் கூட்டத்தில் எப்படிச் சேர்ப்பது? ஆள்கிறவர்கள் பெரும்பாலும் உளவுத்துறை, பாதுகாப்புத் துறை ஆட்கள்; ரஷ்யாவில் அவர்களுக்கு ‘சிலோவிகி’ என்றே பேர். நம் பத்திரிகைகளில் அந்தச் சொல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வெறும் சொல் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். 2022-இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததும், மேலை நாடுகள் ரஷ்யப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளையும் மாளிகைகளையும் முடக்கின. பணக்காரர்களை நெருக்கினால் அவர்கள் போய்ப் புதினை நெருக்குவார்கள் என்று அங்கே பலர் நம்பினார்கள். போர் நிற்கவில்லை. நெருக்குகிற இடத்தில் அவர்கள் இருந்தால்தானே?

கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த முறை அவரையே சிலோவிகி பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள், செச்சினில் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர், திருச்சி