ஆறாவது விரல்

அன்புள்ள நண்பா,

பேரன் பிறந்த செய்தி படித்து மகிழ்ச்சி. ஆனால் கடைசி வரியில், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல, வலது கையில் கட்டைவிரல் பக்கம் ஆறாவதாக ஒரு விரல் இருப்பதை எழுதியிருந்தாய். கர்ப்பமாக இருந்தபோது தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து உன் மகள் அழுகிறாள் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இது பெரும்பாலும் மரபணு சமாச்சாரம் என்று முதலில் அவளிடம் சொல். கருவில் நான்காவது வாரத்தில் கை ஒரு சின்ன முளையாகத் தலைகாட்டும். எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இவ்வளவும் பெரும்பாலான பெண்கள் வாந்தியோடு போராடிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே முடிந்துபோகிற வேலை.

"உன் தொழிலே இதுதானே, ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்டிருந்தாய். என் தொழில் கோழிமுட்டைதான், குழந்தை இல்லை. ஆனால் கை முளைக்கும் விதத்தில் கோழிக்கும் நமக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை.

முளையில் இருக்கும் ஒரு செல்லுக்குத் தான் கட்டைவிரலா சுண்டுவிரலா என்று தானாகத் தெரியாது. அக்கம்பக்கத்துச் செல்கள் சொல்லித்தான் தெரியும். ஜான் சாண்டர்ஸும் மேரி கேசலிங்கும் 1968-ல் கோழிக்கருவின் இறக்கை முளையில், சுண்டுவிரல் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எதிர் ஓரத்தில் ஒட்டவைத்தார்கள். மூன்று விரல் வர வேண்டிய இடத்தில் ஆறு வரை வந்தன, கண்ணாடியில் பார்த்தது போல: 4-3-2-2-3-4 (கோழி இறக்கையின் மூன்று விரல்களை 2, 3, 4 என்று எண்ணிடுவது வழக்கம்). அந்த ஓரத்திலிருந்து ஏதோ ஒரு சேதி போகிறது என்று புரிந்தது. சேதியைக் கொண்டுபோவது எது என்று தெரிய இன்னும் 25 வருடம் ஆனது. 1993-ல் கிளிஃப் டேபினின் குழு அந்தப் புரதத்தைக் காட்டியது. பெயர் சானிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், வீடியோ கேமில் வருகிற அதே முள்ளெலி! புரதம் அதிகமாகவும் நீண்ட நேரமும் கிடைக்கிற செல்கள் சுண்டுவிரல் பக்கம் போகும். கட்டைவிரலுக்கு அது தேவையே இல்லை.

முதல் முறை நான் இந்த ஒட்டுவேலையைச் செய்தபோது ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, துணுக்கைச் செருகி, டேப் ஒட்டி மூடி, மறுபடி இன்குபேட்டரில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அத்தனையும் சாதாரண இறக்கை. துணுக்கு ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் நழுவி விழுந்திருந்தன. நான்காவது முயற்சியில்தான் நீலச் சாயத்தில் கூடுதல் விரல்கள் தெரிந்தன. அன்று இரவு தூங்கவே இல்லை.

சரி, உன் பேரனுக்கு வருகிறேன். அந்தப் புரதத்தைத் தயாரிக்கிற மரபணுவைக் கை முளையில் போட்டு அணைக்கிற சுவிட்ச் அதன் பக்கத்தில் இல்லை. சுமார் 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், கட்டைவிரல் பக்கமும் அந்தப் புரதம் கொஞ்சம் சுரக்கும், விரல் கூடும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் இருக்கிற ஆறு விரல் பூனைகளுக்கும் இதே சுவிட்சில்தான் மாற்றம். 2016-ல் ஒரு குழு, எலியின் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்துப் பார்த்தது. எலிக்குக் காலே சரியாக வளரவில்லை. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது வாய்விட்டு "அடடா" என்றேன். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் பேரனுக்கும் இதே எழுத்துதான் என்று நான் சொல்ல மாட்டேன். கூடுதல் விரலுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. உங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாருக்காவது இப்படி இருந்ததா என்று பெரியவர்களிடம் விசாரி. சிறுவயதிலேயே எடுத்துவிட்டதால் மறந்துபோயிருப்பார்கள்.

அப்புறம், அந்த விரலில் எலும்பு இருக்கிறதா, வெறும் சதையா? எக்ஸ்ரே எடுத்தார்களா? அடுத்த கடிதத்தில் அதை எழுது. கையின் போட்டோ ஒன்றும் அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்