திண்டுக்கல் மாவட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை, கல்வி, நோயாளர் உதவி அமைப்புகளை எழுத்துபூர்வ உடன்பாட்டில் இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
புற்றுநோயிலிருந்து மீண்டோரும் நோயாளர் குடும்பத்தாரும்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: பரிசோதனையில் சந்தேகம் கண்டறியப்பட்டவர்கள் சிகிச்சை முடியும்வரை விடுபடாமல் பார்த்துக்கொள்ள, மருத்துவ, கல்வி, நோயாளர் அமைப்புகள் அடங்கிய மாவட்டக் கூட்டுக்குழு அமைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் மாவட்டத்தில் புற்றுநோய்க்குப் பரிசோதனையே இல்லை, காப்பீடே இல்லை என்று முறையிட இம்மனுவை எழுதவில்லை. ஒவ்வொன்றும் ஓரளவுக்கு இருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் நோயாளி விடுபட்டுப் போகிறார். கருப்பை வாய்ப் பரிசோதனையில் சந்தேகம் என்று சொல்லப்பட்ட ஒரு பெண், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்" என்ற சொல்லோடும் ஒரு சீட்டோடும் வீடு திரும்புகிறார். அவர் போனாரா, சதைப் பரிசோதனை முடிவை வாங்கினாரா, வீட்டார் தடுத்துவிட்டார்களா என்று கேட்க வேண்டியவர் யார் என்பது, நாங்கள் அறிந்தவரை, எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இது இம்மாவட்டத்தால் முடியாத காரியம் அல்ல. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் இங்கேதான் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்கள் பரிசோதனைக்கு உரியவர்களாகக் கணக்கெடுக்கப்பட்டு, அவர்களில் 31,343 பேருக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை செய்யப்பட்டது. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். புற்றாக மாறக்கூடிய மாற்றங்களை உறைகுளிர் சிகிச்சையால் அகற்றியவர்களும் அவர்களே. 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட, நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பரிசோதித்தவர்களே தொடர்ந்து கவனித்ததும், அடையாறு மையத்தின் உதவியோடு நடந்த புற்றுநோய்ப் பதிவேட்டில் நோயும் இறப்பும் பதிவானதும் இந்தப் பலனுக்கு அடிப்படை என்பது எங்கள் கருத்து. உலகம் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு நடந்த மாவட்டத்தில், அதன் பாடம் அன்றாட நடைமுறையாக வேரூன்றாதது எங்களுக்கு வருத்தமே.

அதே ஆய்வில் அழைக்கப்பட்டும் வராத பெண்கள் ஏறத்தாழ 18,000 பேர் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அவர்களை அழைத்துவருவது மருத்துவரால் மட்டும் ஆகக்கூடியதல்ல. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணும், மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களில் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகும் பெண்ணும் வேலை நாளின் காலை நேரத்தில் முகாமுக்கு வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவர்களிடம் போய்ப் பேச, அதே நோயைக் கடந்து வந்தவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. "கேன்சர் என்றாலே முடிந்தது" என்று வீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போயிருக்கும் வேளையில், சிகிச்சை முடிந்து பிழைத்திருக்கும் ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும் தெம்பைத் துண்டுப் பிரசுரத்தால் தர முடியாது.

கல்வி நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஊருக்குள் தங்கிப் பணிபுரியும் மரபுடையவர்கள். 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. அது குறித்துப் பெற்றோருக்கு எழும் ஐயங்களைப் பொறுமையாகத் தீர்க்க இம்மாணவர்களைப் பயிற்றுவிக்கலாம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து பேரணி போவதில் தவறொன்றுமில்லை. நவம்பரில் யார் வருவார் என்பதே எங்கள் கேள்வி.

எனவே தங்கள் தலைமையில், நலப்பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர், அம்பிளிக்கை மையம், காந்திகிராமம், மதுரையில் கதிரியக்க சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு நோயாளர்கள் இருவரேனும் இடம்பெறும் கூட்டுக்குழு ஒன்றை அமைத்து, யார் எதற்குப் பொறுப்பு என்பதை ஓர் உடன்பாடாக எழுதிக் கையொப்பமிடச் செய்யுமாறு வேண்டுகிறோம். சந்தேகம் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதே அந்த உடன்பாட்டின் உயிர்நாடி. வேறு எது விடுபட்டாலும் இது விடுபடக் கூடாது. கதிரியக்க சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நீளும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவை ஏற்றாலும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியை அது ஈடுசெய்வதில்லை. ஆகவே மதுரையில் தங்குமிடம் ஏற்பாடு செய்வதும், ரயில் கட்டணச் சலுகைக்கான சான்றிதழை அலைச்சலின்றிப் பெற்றுத் தருவதும் நோயாளர் அமைப்புகளின் பொறுப்பாக அதில் எழுதப்படலாம். குணப்படுத்த இயலாத நிலையில் இருப்போருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலிநிவாரணப் பணியாளர்களோடு இக்குழு தொடர்பில் இருப்பதும், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை மாவட்டத்துக்குள்ளேயே தடையின்றிக் கிடைப்பதை உறுதிசெய்வதும் அவசியம்.

எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம். நோயாளியிடம் நன்கொடை வாங்குவதும், குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைக்கோ மாற்று மருந்துக்கோ ஆள்பிடிப்பதும், ஒப்புதலின்றி அவருடைய பெயரையும் படத்தையும் வெளியிடுவதும் முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும். மருந்து நிறுவனங்களிடம் பணம் பெறும் அமைப்பு அதைக் குழுவிடம் அறிவித்த பிறகே உறுப்பினராக வேண்டும். சேவை என்ற பெயரில் நடப்பதெல்லாம் சேவை அல்ல என்பதை நோயாளிகளைவிட நன்கறிந்தவர் இல்லை.

அடையாறு மையமே, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1954இல் தொடங்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தரப்பும் மருத்துவமும் இணைவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இக்குழுவின் முதல் கூட்டத்தை விரைவில் கூட்டவும், அதற்கு எங்களுக்கும் அழைப்பு அனுப்பவும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எத்தனை பேர் பரிந்துரைக்கப்பட்டு எத்தனை பேர் சிகிச்சைக்குச் சேர்ந்தனர் என்ற எண்ணிக்கையை, பெயர் விவரமின்றி, மாவட்ட இணையதளத்தில் வெளியிடவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோயிலிருந்து மீண்டோரும் நோயாளர் குடும்பத்தாரும்

இடம்: திண்டுக்கல்