வாய்க்கால் உன் நிலத்தில்தான் போகிறது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. நவரைப் பட்டத்து நெல் நடவு முடிந்ததும் உட்கார்ந்து எழுதலாம் என்றிருந்தேன். நேற்றுதான் முடிந்தது. மீனாவுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்த சேதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்த 90 சென்ட்டை மனை போடுகிறவரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டாயே, அதுவே எனக்குப் பெரிது. இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. விடியக்காலையில் கழனிக்குப் போனால் பக்கத்து நிலத்தில் வரப்பு இருக்காது, கலர் கலராகக் கொடி நட்டிருக்கும்.

நீ ஊரை விட்டுப் போய் முப்பது வருஷமாகிவிட்டதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பெரிய ஏரியின் இரண்டாம் மதகிலிருந்து வரும் வாய்க்கால் உன் மேற்கு வரப்பை ஒட்டி வந்து, பாதியில் குறுக்கே திரும்பிக் கீழ்க்கழனிக்கு இறங்குகிறது. அது புறம்போக்கு இல்லை, பட்டா நிலம். உன் தாத்தா வாய்வார்த்தையாக விட்ட வழி. எந்தப் பத்திரத்திலும் அது கிடையாது. உன் நிலத்துக்குக் கீழே பதினெட்டு ஏக்கர், பதினொரு குடும்பம். உன் 90 சென்ட் மனையானால் அத்தனைக்கும் ஏரித்தண்ணீர் நின்றுபோகும்.

கிழக்கு மதகுப் பக்கம் இது நடந்தே விட்டது. வாய்க்காலைத் தூர்த்து மூன்றடி உயரத்துக்கு மண்ணடித்து ரோடு போட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற கழனிகளில் கார்த்திகையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பா அழுகுகிறது. பங்குனியில் அதே மண் வெடித்துக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை முழுகியபோது நீ பதறிப்போய்ப் பேசினாயே. பள்ளிக்கரணைச் சதுப்பு பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் இப்படித்தான், ஒவ்வொரு மனையாக, ஒவ்வொரு லோடு மண்ணாக. இப்போது அது நம் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

உன் பணக்கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோன அந்த வருஷம், நம் பக்கத்துக் கிணறுகளில் ராத்திரி பகலாக லாரி நின்றது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் பத்து நாள் தண்ணீர் விற்றேன், பயிருக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தில். பதினோராம் நாள் மோட்டார் சேறு இழுத்தது. எனக்குக் கீழ்ப்புறம் இருந்த கிழவர் கிணற்றிலும் தண்ணீர் இறங்கி, அவர் மிளகாய் நாற்று அத்தனையும் கருகியது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து என் கிணற்றுத் தண்ணீர் ஒரு லாரிக்கும் போனதில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டாயே. ஒரு ஏக்கர் நெல், முப்பது சென்ட் கீரை. கீரைதான் வீட்டை நடத்துகிறது. முளைக்கீரை, சிறுகீரை இரண்டும் இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்க வந்துவிடும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பாத்தியைப் பிரித்து, நாலு நாளைக்கு ஒரு பாத்தியாக விதைக்கிறேன். விதை பொடியாக இருப்பதால் மணலில் கலந்து தூவ வேண்டும். நெல் அறுத்த தாளடியில் தழையுரத்துக்காகச் சணப்பை விதைத்து, பூ எடுத்ததும் மடக்கி உழுதுவிடுகிறேன். கோடையில் ஏரி வண்டல் அடிக்கிறேன். யூரியாவை விட்டு ஆறு வருஷமாகிறது. முதல் இரண்டு வருஷம் விளைச்சல் இறங்கியது, கடனும் ஏறியது. மூன்றாம் வருஷம்தான் மண் கைக்குப் பொலபொலவென்று வந்தது.

பட்டணம் பக்கத்தில் வந்ததில் ஒரு நன்மை இதுதான். விடியலில் பிடுங்கிய கீரை ஏழு மணிக்குள் சமையலறைக்குப் போய்ச் சேருகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் வைக்கிறோம். மண்டியில் கொடுத்தால் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு நிற்கிறது. ஆனால் ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் கிணறு ஊறும், கிணறு ஊறினால்தான் கீரை.

அந்த ஏரிக்கு இப்போது புது மனைகளின் கழிவுநீரும் வருகிறது. வடக்குக் கரையோரம் ஆகாயத்தாமரை மூடிவிட்டது. கல்கத்தாவில் கழிவுநீரிலேயே மீன் வளர்க்கவில்லையா என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதைப் பற்றித் தேடிப் படித்தேன். கிழக்குக் கல்கத்தாவில் சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம். ஆழமில்லாத குளங்களில் வெயில் பட்டுப் பாசி வளர்ந்து, அதை மீன் தின்று, தெளிந்த தண்ணீர் நெல்லுக்கும் காய்கறிக்கும் போகிறது. எவ்வளவு கழிவை எப்போது விடுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற மீனவர்கள் கையில் அது நடக்கிறது. நம் ஏரியில் குழாயைத் திருப்பி விட்டுவிட்டு அதையும் இதையும் ஒன்றென்று சொல்வது தப்பு. குழாய்களை அடைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.

பத்தாவது படிக்கும்போது சைக்கிளில் வேடந்தாங்கல் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள். எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் கழனிகளிலும்தான். நேற்று நடவு நட்ட சேற்றில் கொக்கும் அன்றில்களுமாக நாற்பது ஐம்பது இருக்கும். நாங்கள் நகர நகர அவையும் கூடவே நகர்ந்தன.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். ரோட்டோரம் இருக்கிற இருபது சென்ட்டில் வாய்க்கால் இல்லை. மேடும்கூட. அதற்குத்தான் விலையும் அதிகம். மீனாவின் படிப்புக்கு அதை மட்டும் விற்றுக்கொள். மீதி எழுபது சென்ட்டை எனக்குக் குத்தகைக்கு விடு. பணமாகவோ நெல்லாகவோ, நீ சொல்கிற கணக்கில் தருகிறேன். வாய்க்கால் வழியைப் பத்திரத்தில் எழுதிப் பதிந்துவிடலாம். நாளைக்கு உன் பிள்ளைகளோ என் பிள்ளைகளோ வந்தாலும் அது நிற்கும். மனைக்காரர் மொத்தமாகக் கேட்பார், பிரித்தால் விலை குறையும் என்பார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை நேரில் வா.

வரும்போது பழைய மூலப்பத்திரத்தை எடுத்து வா. வடகிழக்கு மூலைச் சர்வே கல் மண்ணுக்குள் போய்விட்டது. உன் அப்பா புளியமரத்திலிருந்து எத்தனை அடி என்று சொல்வாரே, உனக்காவது நினைவிருக்கும். இரண்டு பேருமாகத் தோண்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கோபால்